நோய் எதிர்ப்பு சக்திக்குப் பழமா, ஜூஸா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன், மற்றவர்களுக்கும் பயன்படும். உங்கள் அப்பாவுக்கு 61 வயது. பருவம் மாறினால் போதும், சளி பிடித்துவிடுகிறது. ரத்தச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. ரத்த அழுத்தத்துக்கும் கொழுப்புக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். எதிர்ப்பு சக்தி கூடட்டும் என்று ஒரு மாதமாகத் தினமும் காலையில் வெறும் வயிற்றில் அரை லிட்டர் பழ ஜூஸ் கொடுக்கிறீர்கள். எந்தப் பழம் நல்லது, எப்படிப் பிழிந்தால் சத்து வீணாகாது, ஆறு வயதுப் பையனுக்கும் பத்து மாதக் குழந்தைக்கும் இதையே கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இருபது வருடத்துக்கு மேலாக உணவு ஆலோசனை சொல்லும் வேலையில் இருக்கிறேன். ஆள் மாறும், வயது மாறும், இந்தக் கேள்வி மட்டும் மாறாமல் வரும். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பழம் தாராளமாகக் கொடுங்கள். அரை லிட்டர் ஜூஸை இன்றோடு நிறுத்துங்கள். ஏன் என்பதுதான் கொஞ்சம் நீளம்.

எதிர்ப்பு சக்தியைக் "கூட்டுவது" என்கிற பேச்சிலிருந்தே குழப்பம் ஆரம்பிக்கிறது. தொட்டியில் தண்ணீர் ஏற்றுவது போல, ஊற்ற ஊற்ற மட்டம் உயரும் என்று நினைத்துக்கொள்கிறோம். தோல், மூக்கு தொண்டையின் ஈரப் படலம், வயிற்று அமிலம், கிருமியை விழுங்கும் வெள்ளை அணுக்கள், ஆன்டிபாடி தயாரிக்கும் அணுக்கள் என்று பல பிரிவுகள் சேர்ந்து பார்க்கிற வேலை அது. அது அளவு மீறி முறுக்கிக்கொண்டால் நமக்கு வருவது ஆரோக்கியம் கிடையாது. அலர்ஜி, ஆஸ்துமா, முடக்குவாதம் போன்றவை. சாப்பாட்டால் செய்ய முடிந்தது, அந்த வேலைக்கு வேண்டிய சரக்கு குறையாமல் பார்த்துக்கொள்வது. புரதம், துத்தநாகம், இரும்பு, வைட்டமின் ஏ, சி, டி, பி12, ஃபோலேட், இவற்றில் எது குறைந்தாலும் உடல் தடுமாறும்.

இதில் பழத்தின் பங்கு என்ன? வைட்டமின் சி நிறைய. மாம்பழம், பப்பாளி மாதிரி மஞ்சள் சதை உள்ளவற்றில் உடல் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும் கரோட்டின். ஆரஞ்சில் ஓரளவு ஃபோலேட். அப்புறம் நார்ச்சத்து. புரதமும் துத்தநாகமும் பெயரளவுக்குத்தான். டி, பி12 இரண்டுக்கும் பழத்தை நம்பவே முடியாது. அதனால் "காலைச் சாப்பாட்டுக்குப் பதில் ஜூஸ்" என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே கோபம் வரும். எதிர்ப்பு சக்தி என்று சொல்லிக்கொண்டே அதற்கு வேண்டிய புரதத்தைத் தட்டிலிருந்து எடுத்துவிடுகிறார்கள்.

வைட்டமின் சியின் பெயர் இவ்வளவு பெரிதானதற்குப் பின்னால் ஒரு கடற்படைக் கதை இருக்கிறது. பழமா, ஜூஸா என்ற கேள்வி அதற்குள்ளேயே வந்துவிடுகிறது. 1747ல் சாலிஸ்பரி என்ற பிரிட்டிஷ் கப்பலில் ஜேம்ஸ் லிண்ட் என்ற மருத்துவர், வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய் வந்து ஈறு வீங்கிப் படுத்திருந்த 12 மாலுமிகளை இரண்டு இரண்டு பேராகப் பிரித்தார். ஒரு ஜோடிக்கு வினிகர், ஒரு ஜோடிக்குக் கடல்நீர், ஒரு ஜோடிக்கு ஆப்பிள் மது என்று ஆளுக்கு ஒன்று கொடுத்தார். ஒரு ஜோடிக்குத் தினமும் இரண்டு ஆரஞ்சும் ஒரு எலுமிச்சையும். ஆறாவது நாள் பழம் தீர்ந்துபோனது, ஆனால் அதற்குள் அந்த இருவரில் ஒருவர் வேலைக்குத் திரும்பும் அளவுக்குத் தேறிவிட்டார். இது வரைக்கும் பலரும் சொல்லுகிற கதை. பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்தது. நீண்ட பயணத்துக்குப் பழம் கெட்டுப்போகுமே என்று, சாறைச் சூடாக்கிச் சுண்டவைத்துப் புட்டியில் அடைக்கும் முறையை லிண்டே சொல்லிக்கொடுத்தார். சூட்டில் சத்து பெரும்பாலும் போய்விட்டது. கடற்படை எலுமிச்சைச் சாறை முறையாகக் கொடுக்கத் தொடங்கியது 1795ல். 1860களில் வேறு வகைச் சிறு எலுமிச்சைக்கு மாறினார்கள். அதில் சத்து குறைவு, போதாததற்குத் தயாரிக்கும்போது செம்புக் குழாய்களிலும் காற்றிலும் பட்டு இருந்ததும் போனது. 1875ல் ஆர்க்டிக் கடலுக்குப் போன பிரிட்டிஷ் பயணக் குழு ஜூஸ் குடித்துக்கொண்டே ஸ்கர்வியில் விழுந்தது. சாறு என்று பெயர் இருந்தால் சத்து உள்ளே இருக்கும் என்று சொல்லிவிட முடியாது.

அந்தச் சத்தைத் தனியாகப் பிரித்தெடுத்தவர் ஹங்கேரி நாட்டு விஞ்ஞானி ஆல்பர்ட் சென்ட்-ஜார்ஜி, 1937ல் நோபல் பரிசு பெற்றார். அது போதாமல் போனால் காயம் ஆறாது, தோலும் ஈறும் பலவீனப்படும், வெள்ளை அணுக்கள் மந்தமாகும். அந்த அணுக்கள் ரத்தத்தில் இருப்பதைப் போலப் பல பத்து மடங்கு வைட்டமின் சியைத் தங்களுக்குள் சேர்த்து வைத்துக்கொள்கின்றன. ஆடு, மாடு, நாய் எல்லாம் தமக்கு வேண்டியதைத் தாமே தயாரித்துக்கொள்ளும். மனிதன், குரங்கு, கினிப் பன்றி, பழந்தின்னி வௌவால் போன்ற சிலருக்குத்தான் வெளியிலிருந்து வர வேண்டும்.

இங்கிருந்து ஒரு தாவல் நடந்தது. குறைந்தால் நோய் வருகிறது, ஆகவே நிறையக் கொடுத்தால் நோயே வராது என்றார்கள். 1970ல் இதைப் பெரிய அளவில் பரப்பியவர் லைனஸ் பாலிங். இரண்டு நோபல் பரிசு வாங்கியவர் சொன்னால் யார் மறுப்பார்கள்? ஆனால் பரிசோதனைகள் வேறு மாதிரி முடிந்தன. அவற்றையெல்லாம் சேர்த்து அலசிய காக்ரேன் அமைப்பின் 2013 தொகுப்பு சொல்வது இது. தினமும் 200 மில்லிகிராமும் அதற்கு மேலும் எடுத்துக்கொண்டாலும் சாதாரண மனிதர்களுக்குச் சளி பிடிக்கும் தடவைகள் குறையவில்லை. பிடித்த சளி நீடிக்கும் காலம் பெரியவர்களுக்கு 8 சதவீதம், குழந்தைகளுக்கு 14 சதவீதம் குறைந்தது. ஏழு நாள் சளி என்றால் பெரியவருக்கு அரை நாள் மிச்சம். சளி பிடித்த பிறகு மாத்திரையை ஆரம்பித்தவர்களுக்கு உறுதியான பலன் தெரியவில்லை. மாரத்தான் ஓடுபவர்கள், கடுங்குளிரில் பயிற்சி எடுக்கும் படைவீரர்கள் போன்றோருக்கு மட்டும் சளி பாதியாகக் குறைந்தது. உங்கள் அப்பா மாரத்தான் ஓடவில்லை என்று நினைக்கிறேன்.

எவ்வளவு வேண்டும்? அமெரிக்கப் பரிந்துரையில் ஆணுக்கு நாளைக்கு 90 மில்லிகிராம், பெண்ணுக்கு 75, புகைபிடிப்பவருக்கு இன்னும் 35 கூடுதல். 200 மில்லிகிராம் வரை உடல் கிட்டத்தட்ட முழுதாக உறிஞ்சிக்கொள்ளும். ரத்தத்தில் அளவு ஏறக்குறைய நிரம்பிவிடும். ஒரே வேளையில் 1,000 மில்லிகிராமுக்கு மேல் போனால் பாதிகூட உள்ளே போகாது, போனதிலும் மிஞ்சியது சிறுநீரில் வெளியேறும்.

இப்போது பழங்களைப் பாருங்கள். 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல். கிவியில் 90ஐ ஒட்டி, பப்பாளியிலும் ஸ்ட்ராபெர்ரியிலும் 60ஐ ஒட்டி, ஆரஞ்சில் 50க்குச் சற்று மேல், அன்னாசியில் கொஞ்சம் குறைவு, மாம்பழத்தில் 36. ஆப்பிளில் 5கூட இல்லை, திராட்சையில் இன்னும் குறைவு, மாதுளையில் 10. நோயாளியைப் பார்க்கப் போகும்போது ஆப்பிள் வாங்கிப் போகிறோமே, வைட்டமின் சிக்காக என்றால் அது வீண். அதில் வேறு நல்லது இருக்கிறது, நார்ச்சத்தும் பாலிஃபீனால்களும். ஆனால் ஒரு நடுத்தரக் கொய்யா கொடுத்தால் அப்பாவுக்கு அன்றைய சி கணக்கு முடிந்தது. இதற்கு அரை லிட்டர் எதற்கு?

"அப்படியானால் பழமும் எதிர்ப்பு சக்தியும் சம்பந்தமே இல்லையா" என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2012ல் பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தார் ஒரு நல்ல சோதனை வெளியிட்டார்கள். 65 முதல் 85 வயது வரை உள்ள 83 பேர், எல்லோரும் பழமும் காய்கறியும் குறைவாகச் சாப்பிடுபவர்கள். ஒரு பகுதியினரை அப்படியே இருக்கச் சொன்னார்கள், இன்னொரு பகுதியினரை 16 வாரம் நாளைக்கு ஐந்து பங்காவது சாப்பிடச் சொன்னார்கள். இடையில் எல்லோருக்கும் நிமோனியா தடுப்பூசியும் டெட்டனஸ் தடுப்பூசியும் போட்டார்கள். ஐந்து பங்கு சாப்பிட்டவர்களுக்கு நிமோனியா தடுப்பூசிக்கு ஆன்டிபாடி அதிகமாக எழும்பியது. டெட்டனஸுக்குக் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. சிறிய சோதனைதான். ஆனாலும் கிட்டத்தட்ட உங்கள் அப்பா வயதுக்காரர்களின் உடலே பதில் சொன்ன சோதனை என்பதால் நான் இதை அடிக்கடி எடுத்துச் சொல்வேன். கவனியுங்கள், அங்கே முழுசான பழமும் காயும் சேர்ந்து 16 வாரம். ஒரு மாத ஜூஸ் இல்லை.

சரி, ஜூஸில் என்னதான் தப்பு? ஒரு நாள் பிழியும்போது நின்று பாருங்கள். அரை லிட்டருக்கு ஆறு ஏழு ஆரஞ்சு போகும். சுளையை மிக்ஸியில் அடித்து வடிகட்டியில் ஊற்றி, கரண்டியால் அழுத்தித் தேய்த்துச் சாறு இறங்கிய பிறகு மேலே ஈரமாக ஒரு சக்கை நிற்கும். நசநசவென்று, கையில் எடுத்தால் ஒரு பிடி. அதைத் தட்டிக் குப்பையில் போடுகிறோம். அப்பாவின் குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாவுக்குச் சாப்பாடு அந்தப் பிடியில்தான் பெரும்பகுதி இருந்தது. நார்ச்சத்தை அவை புளிக்கவைத்து உண்டாக்கும் பியூட்டிரேட் போன்ற அமிலங்கள் குடல் சுவரின் அணுக்களுக்கு எரிபொருள்; உடலின் எதிர்ப்பு அணுக்களில் பெரும் பங்கு குடலைச் சுற்றித்தான் குடியிருக்கிறது. எதிர்ப்பு சக்திக்காகப் பிழிகிறோம், அதற்கு உதவுவதையே வடிகட்டித் தூர எறிகிறோம்.

கீழே டம்ளரில் இறங்கியது என்ன? 250 மில்லி ஆரஞ்சு ஜூஸில் சர்க்கரை சுமார் 21 கிராம். அரை லிட்டருக்கு 42, அதாவது ஏறத்தாழ பத்து டீஸ்பூன், நீங்கள் ஒரு சிட்டிகை சர்க்கரைகூடச் சேர்க்காவிட்டாலும். உலக சுகாதார நிறுவனத்தின் 2015 வழிகாட்டுதல் பழத்தை முழுதாகச் சாப்பிடும்போது உள்ள சர்க்கரையைக் கட்டுப்படுத்தச் சொல்லவில்லை. அதையே ஜூஸ் ஆக்கினால் தேன், வெல்லப்பாகு இவற்றோடு சேர்த்து எண்ணச் சொல்கிறது. நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு உச்சவரம்பு 50 கிராம், முடிந்தால் 25க்குள். அப்பாவின் கணக்கு காலை ஏழு மணிக்கே தீர்ந்துவிடுகிறது.

இதில் வேகமும் சேர்ந்துகொள்கிறது. 1977ல் பிரிட்டனில் பத்துப் பேருக்கு ஒரே அளவு சர்க்கரை கிடைக்கும்படி ஆப்பிளை மூன்று விதமாகக் கொடுத்துப் பார்த்தார்கள்: முழுசாக, மசித்து, சாறாக. சாறு, முழுப் பழத்தைவிடப் பதினோரு மடங்கு வேகத்தில் உள்ளே போனது. வயிறு நிறைந்த உணர்வு குறைவு, இன்சுலின் அதிகமாக ஏறியது, சற்று நேரத்தில் ரத்தச் சர்க்கரை சட்டென்று கீழே விழுந்தது. 2013ல் அமெரிக்காவில் சுமார் 1,87,000 மருத்துவத் துறைப் பணியாளர்களைப் பல ஆண்டு தொடர்ந்த ஆய்வுத் தொகுப்பில், ஆப்பிள், திராட்சை, புளூபெர்ரி போன்ற முழுப் பழங்களை நிறையச் சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் குறைவாகவும், ஜூஸ் நிறையக் குடித்தவர்களுக்குச் சற்று அதிகமாகவும் இருந்தது. இது தொடர்பைக் காட்டுவதுதான், காரணத்தை நிரூபிப்பதில்லை. ஆனால் எல்லைக்கோட்டில் நிற்பவருக்கு எந்தப் பக்கம் சாய்வது என்று தெரிய இது போதும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதபோது வெள்ளை அணுக்களின் வேலையும் கெடுகிறது. சளிக்கு என்று கொடுப்பது அந்த வழியில் திரும்பி வந்து இடிக்கும்.

ஒரு பெரியவர் நினைவுக்கு வருகிறார். "ஒரு டம்ளர்தான் குடிக்கிறேன்" என்று அடித்துச் சொன்னார். அந்த டம்ளரையே எடுத்து வாருங்கள் என்றேன். மறுமுறை பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார், நல்ல உயரம். அளவுக் குவளையால் தண்ணீர் ஊற்றினோம்: 420 மில்லி. அவரே சிரித்துவிட்டார். நீங்களும் ஒருமுறை அளந்து பாருங்கள்.

ஜூஸ் இல்லாமல் அப்பாவுக்கு முடியவே முடியாது என்றால் 100, 150 மில்லி, வடிகட்டாமல், காலைச் சாப்பாட்டோடு கொடுங்கள். வெறும் வயிற்றில் குடித்தால்தான் சத்து ஏறும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. சாப்பாட்டோடு சேர்ந்தால் இரண்டு லாபம்: சர்க்கரை மெதுவாக ஏறும், தானியத்திலும் பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்பை உடல் எளிதில் உறிஞ்சும் வடிவத்துக்கு வைட்டமின் சி மாற்றிக் கொடுக்கும். பழத்தை முழுதாக மிக்ஸியில் அடித்து அப்படியே குடிப்பது வடிகட்டியதைவிட எவ்வளவோ மேல். ஒரு சின்ன வேடிக்கை: பெர்ரி வகைகளோடு வாழைப்பழத்தைச் சேர்த்து அடித்தால், பழத்தை வெட்டினதும் கறுக்கவைக்கிற அதே என்சைம் பெர்ரியில் உள்ள ஃபிளவனால் என்ற நல்ல சத்துகளைச் சிதைத்துவிடுகிறது என்று 2023ல் ஒரு சிறு ஆய்வு காட்டியது. வாழைப்பழத்தைத் தனியாக உரித்துச் சாப்பிட்டால் தீர்ந்தது.

பிழிந்த ஐந்து நிமிடத்துக்குள் குடிக்காவிட்டால் வைட்டமின் பறந்துவிடும் என்ற பயம் வேண்டாம். புளிப்பான ஜூஸில் சி அவ்வளவு சீக்கிரம் அழியாது. மூடிக் குளிரில் வைத்தால் ஒரு நாளைக்குப் பெரும்பகுதி நிற்கும். உடனே குடிக்கச் சொல்வதற்குக் காரணம் கிருமி. 1996ல் அமெரிக்காவில் சூடுபடுத்தாத ஆப்பிள் ஜூஸில் ஈ. கோலை ஓ157 கிருமி கலந்து பலர் நோயுற்றார்கள், ஒரு குழந்தை இறந்தது. பழத்தை வெட்டுவதற்கு முன்பே, தோல் உரிக்கும் பழமாக இருந்தாலும், ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். தோலில் இருப்பதைக் கத்திதான் உள்ளே கொண்டுபோகிறது. 2011ல் முலாம்பழத்தில் இருந்த லிஸ்டீரியா கிருமியால் அமெரிக்காவில் 33 பேர் இறந்தார்கள். புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள், கர்ப்பிணிகள் வெளியே பிழிந்து விற்கும் ஜூஸைத் தொடவே கூடாது. எதிர்ப்பு சக்தி உண்மையிலேயே குறைந்தவர்களுக்குத்தான் அது அதிக ஆபத்து, ஆனால் அவர்களுக்குத்தான் அன்பாக வாங்கிப் போய்க் கொடுக்கிறார்கள்.

குழந்தைகள். பத்து மாதத்துக்கு ஜூஸே வேண்டாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2017லிருந்து ஒரு வயது வரை ஜூஸ் கூடாது என்றே சொல்கிறது. மசித்த பழம், கனிந்த பழத்தின் மெல்லிய துண்டு கொடுங்கள். திராட்சையை முழுதாகக் கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைக்கும். ஐந்து வயது வரை நீளவாக்கில் நான்காக நறுக்கித்தான். ஆறு வயதுப் பையனுக்கு நாளைக்கு 120 முதல் 180 மில்லி உச்சம், அதுவும் கட்டாயம் இல்லை. பாட்டிலில் வைத்து நாள் முழுக்க உறிஞ்சவிட்டால் பல் அரிக்கும். புளிப்பான ஜூஸ் குடித்த உடனே பல் தேய்க்கவும் வேண்டாம், அரை மணி நேரம் போகட்டும்.

ஜூஸுக்கும் நேரம் உண்டு என்பதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை தாழ்ந்து கை நடுங்கும்போது 120 மில்லி ஜூஸ்தான் மருந்து. தொண்டை வலியில் எதுவும் இறங்காதவருக்குக் கொஞ்சம் ஜூஸ் தெம்பு தரும். லேசான வயிற்றுப்போக்கில், நீர் வறட்சி அவ்வளவாக இல்லாத சிறு குழந்தைகளுக்குப் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த ஆப்பிள் ஜூஸ் நன்றாகவே வேலை செய்தது என்று கனடாவில் 647 குழந்தைகளை வைத்து நடத்திய ஆய்வு 2016ல் வெளியானது. வறட்சி கூடிவிட்டால் ஓ.ஆர்.எஸ். கரைசல்தான், ஜூஸ் வேண்டாம்.

அப்பா எத்தனை மணி நேரம் தூங்குகிறார் என்று நீங்கள் எழுதவில்லை. 2015ல் வெளியான ஒரு ஆய்வில் 164 பேரின் மூக்கில் சளி வைரஸைச் சொட்டுவிட்டுப் பார்த்தார்கள். ஏழு மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிட, ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு நான்கு மடங்குக்கு மேல் இருந்தது. எந்தப் பழமும் இந்த அளவு வித்தியாசம் காட்டி நான் பார்த்ததில்லை. தடுப்பூசி போட்டிருக்கிறாரா என்றும் மருத்துவரிடம் கேளுங்கள்.

கடைசியாக, இதைத் தள்ளிப்போடாதீர்கள்: அவருடைய மாத்திரைப் பட்டையை எடுத்துப் பெயரைப் படியுங்கள். கொழுப்புக்குச் சிம்வாஸ்டாடின் அல்லது அடோர்வாஸ்டாடின், ரத்த அழுத்தத்துக்கு ஃபெலோடிபின் என்று இருந்தால், கிரேப்ஃப்ரூட்டும் (திராட்சை இல்லை, ஆரஞ்சு இனத்துப் பெரிய பழம்) பம்பளிமாசும் பழமாகவும் வேண்டாம், ஜூஸாகவும் வேண்டாம். மருந்தைச் சிதைக்கும் குடல் என்சைமை அவை முடக்கிவிடும், மருந்து ரத்தத்தில் அளவுக்கு மேல் ஏறும். ஒரு டம்ளரின் பாதிப்பு ஒரு நாளைத் தாண்டியும் நிற்கும், அதனால் மாத்திரையைக் காலையிலும் ஜூஸை மாலையிலும் என்று பிரித்து வைப்பது உதவாது. ரோசுவாஸ்டாடினுக்கு இந்தத் தொல்லை இல்லை. சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்ற பரிசோதனை சமீபத்தில் எடுத்திருந்தால் அதையும் பாருங்கள். அதில் குறை இருந்தால் ஆரஞ்சு ஜூஸில் உள்ள பொட்டாசியமே சிக்கல், நட்சத்திரப் பழம் விஷம். மாத்திரைப் பெயர்களையும் அந்தப் பரிசோதனையின் கிரியாட்டினின் அளவையும் எழுதுங்கள், எந்தப் பழம் எவ்வளவு என்று அப்பாவுக்கென்றே சொல்கிறேன்.